உப்புக்காற்றில் ஒரு அம்பாசிடர்: துரு, சத்தம், பெயிண்ட்

ஓட்டுநர் இருக்கைக்கு முன்னால் கிடந்த ரப்பர் மேட்டைத் தூக்கினேன். அதற்குக் கீழே தார் பூசிய தரை கறுப்பாக, வழவழவென்று, நன்றாகத்தான் இருந்தது. கட்டைவிரலை வைத்து அழுத்தினேன், உள்ளே போய்விட்டது. விரலை எடுத்தால் அந்த ஓட்டை வழியாகக் கொட்டகையின் சிமெண்ட் தரை தெரிகிறது.

1996 மாடல் அம்பாசிடர் நோவா, டீசல். அப்பா வாங்கியது. நான் பள்ளிக்கூடம் போனதும், அக்கா கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வந்ததும், தாத்தாவைக் கடைசியாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் இந்த வண்டியில்தான். அப்பாவுக்குக் கண் பார்வை குறைந்த பிறகு 4 வருடம் நின்றேவிட்டது. தூத்துக்குடியில் எங்கள் வீட்டிலிருந்து உப்பளத்துக்கு ஒன்றரை கிலோமீட்டர் தூரம்தான். இந்த ஊரில் நிறுத்தி வைத்த வண்டி, ஓடுகிற வண்டியைவிடச் சீக்கிரம் துருப்பிடிக்கும். காற்றில் வரும் உப்பு தகட்டில் படிந்து, ராத்திரிப் பனியில் கரைந்து, பகல் வெயிலில் காய்ந்து, மறுநாள் ராத்திரி மறுபடியும் கரைகிறது. கழுவிவிட யாரும் இல்லாவிட்டால் அது அங்கேயே உட்கார்ந்து தின்கிறது.

முதலில் என் ஆசை வெறும் நிறத்தில்தான் இருந்தது. மேலே கிரீம், கீழே கடல் நீலம், இரட்டை நிற வண்டி. உள்ளே உட்கார்ந்தால் பேச்சு காதில் விழ வேண்டும். இவ்வளவுதான் திட்டம். அந்த ஓட்டையைப் பார்த்த பிறகு வரிசை தலைகீழாக மாறியது.

தரையைக் கொத்தி எடுத்தோம். பழைய தார்ப்பூச்சு பல வருடங்களுக்கு முன்னால் ஒரு கடையில் போட்டது. சத்தமும் குறையும், துருவும் பிடிக்காது என்று சொல்லித்தான் போட்டார்கள். கழுவிக் காயவைக்காமல், ஏற்கெனவே இருந்த துருவின் மேலேயே பூசியிருக்கிறார்கள். தார் வெயிலில் இறுகி, மயிரிழை மயிரிழையாக வெடித்து, வெடிப்பு வழியே தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. போன தண்ணீர் வெளியே வர வழியில்லை. உளியை வைத்துத் தட்டியதும் தார் ஒரு பாளமாகப் பெயர்ந்தது. அதன் அடிப்பக்கத்தில் தகடே ஒட்டிக்கொண்டு வந்தது, பிஸ்கட் மாதிரி அடுக்கடுக்காக.

பெயிண்டர் அண்ணாச்சி அந்தப் பாளத்தைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். 40 வருடமாக இதே ஊரில் வண்டிக்குப் பெயிண்ட் அடிப்பவர். "மேல என்னத்தப் பூசுனாலும் அது அடியில இருக்கதத்தான் காப்பாத்தும் தம்பி. அடியில துரு இருந்தா துருவக் காப்பாத்தும்" என்றார். இந்த வேலை முழுவதையும் நான் அந்த வரியை வைத்துத்தான் செய்தேன். பெயிண்ட், சத்தத்தடுப்பு, அடிப்பூச்சு மூன்றும் தனித்தனி வேலை இல்லை. ஒன்றின் மேல் ஒன்றாக ஏறுகிற அடுக்குகள். ஒவ்வொரு அடுக்கும் தனக்குக் கீழே இருப்பதைப் பூட்டி வைக்கிறது.

தகடும் எபாக்ஸியும்

அம்பாசிடர் பார்க்க லாரி மாதிரி கனமாக இருந்தாலும் தனிச் சேசிஸ் கிடையாது. பாடியே சேசிஸ். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு சீரிஸ் 3 வண்டியின் வார்ப்பு இது. 2014 மே மாதம் உத்தர்பாரா தொழிற்சாலையில் உற்பத்தி நிற்கும்வரை அடிப்படை வடிவம் மாறவில்லை. அதனால் தரையும் கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி போன்ற விளிம்பும் துருப்பிடித்தால் அது அழகுப் பிரச்சினை இல்லை. வண்டியின் எலும்பே போகிறது என்று அர்த்தம். ஜாக்கி வைக்கும் இடம், டிக்கியில் ஸ்டெப்னி உட்காரும் குழி, ஹெட்லைட்டுக்குப் பின்பக்கம், முன் கண்ணாடிக்குக் கீழே பானெட் முடியும் இடம், இந்த நாலு இடத்தையும் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்க்காமல் யாரும் பழைய அம்பாசிடரை வாங்காதீர்கள்.

டிங்கர் வேலைக்கு மூன்று வாரம் போனது. கெட்ட தகட்டை நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டி, 18 கேஜ் தகட்டை அளவாக அடித்து, வெல்டு வைத்தோம். வெல்டு வைத்த இடத்தின் மறுபக்கத்தில் பழைய பூச்சு எரிந்து இரும்பு வெறுமையாக நிற்கும். அங்கே கை எட்டுமா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். புதிதாகப் போட்ட தகட்டில் அடுத்த துரு அங்கிருந்துதான் கிளம்பும்.

வயர் பிரஷ் போட்டும் போகாத குழித்துருவுக்கு மட்டும் பாஸ்பாரிக் அமிலம் கலந்த துருநீக்கி. பிறகு நன்றாகக் கழுவி, துடைத்து, வெயிலில் காயவைத்து, தின்னர் துணியால் இன்னொரு முறை துடைத்தோம். அமிலம் மிச்சமிருந்தால் மேலே வரும் எபாக்ஸி பிரைமர் சரியாக இறுகாது, பிடிக்கவும் பிடிக்காது.

எபாக்ஸியா, வழக்கமான ரெட் ஆக்சைடா என்று ஒருநாள் முழுக்க யோசித்தேன். ரெட் ஆக்சைடு விலை குறைவு, எந்தக் கடையிலும் கிடைக்கும், கிரில் கேட்டுக்குப் போதும். ஆனால் சாதாரண ரெட் ஆக்சைடு தண்ணீரை முழுதாகத் தடுக்காது, மெல்ல உறிஞ்சும். ஹார்டனர் கலந்து அடிக்கும் இருபொருள் எபாக்ஸி, தகட்டின் மேல் உண்மையான தடுப்பு. வெறும் இரும்பில் முதலில் எபாக்ஸி, அதன் மேல் பள்ளம் நிரப்பும் பட்டி என்று முடிவு செய்தேன். இங்கே பல பட்டறைகளில் வெறும் இரும்பிலேயே பட்டி போடுகிறார்கள். பட்டி ஈரத்தை இழுக்கும் பொருள். ஒரு கல் பட்டுப் பெயிண்ட் தெறித்தால் போதும், பட்டி தண்ணீரைக் குடித்து இரும்புக்குக் கொடுத்துவிடும். பட்டியின் கனம் எங்கேயும் 2 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்று டிங்கரிடம் கண்டிப்பாகச் சொன்னேன். அவர் முகம் கொஞ்சம் சுருங்கியது. ஆனால் இன்னும் இரண்டு நாள் தட்டி, தகட்டை நேராக்கிக் கொடுத்தார்.

தகடும் தகடும் சேரும் மூட்டுகளில் பியூ (பாலியூரிதேன்) சீலன்ட் பூசி விரலால் இழுத்துவிட்டோம். இதையும் எபாக்ஸிக்கு மேலேதான் பூச வேண்டும்.

சத்தம் எங்கிருந்து வருகிறது

நோவா டீசல் இஞ்சின் 1489 சிசி, 37 குதிரைத்திறன். நின்ற இடத்திலேயே வண்டி முழுவதையும் உலுக்கும். எல்லோரையும் போல நானும் ஷீட் வாங்கி உள்ளே முழுக்க ஒட்டிவிட்டால் சத்தம் போய்விடும் என்றுதான் நினைத்திருந்தேன். வாங்குவதற்கு முன்னால் ஒரு சோதனை செய்து பார்த்தேன். அதை யார் வேண்டுமானாலும் செய்யலாம், செலவு கிடையாது. ராத்திரி விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, இஞ்சின் பக்கம் ஒரு பவர்ஃபுல் டார்ச்சை வைத்து, பானெட்டை மூடிவிட்டு, உள்ளே பெடலுக்குக் கீழே தலையை நுழைத்துப் பார்த்தேன். நட்சத்திரம் மாதிரி ஒளிப்புள்ளிகள். ஒயர் போகும் துளை, ஸ்டீயரிங் கம்பி போகும் இடம், எப்போதோ ஏசி போடுவதற்காகத் துளைத்து அப்படியே விட்ட இரண்டு ஓட்டைகள், கிளட்ச் பெடலைச் சுற்றி ரப்பர் இல்லாத இடைவெளி. மொத்தம் 11 எண்ணினேன். ஒளி வருகிற இடத்தில் எல்லாம் சத்தமும் வரும், டீசல் நாற்றமும் சூடும் வரும்.

பயன்படாத துளைகளைத் தகடு வைத்து மூடி, மற்றவற்றுக்குத் துளை விளிம்பை அடைக்கும் ரப்பர் வளையமான குரோமெட் போட்டோம். கதவு பீடிங் நான்கும் புதிது. இதற்கு ஆன செலவு சொற்பம். ஆனால் மொத்த வேலையில் காதுக்கு அதிகமாகத் தெரிந்த மாற்றம் இதுதான்.

பிறகுதான் ஷீட். மூன்று வேலைக்கு மூன்று பொருள் என்று புரிந்துகொண்டால் காசு மிச்சம். தகடு அதிர்வதை அடக்க அலுமினியத் தாள் ஒட்டிய பியூட்டைல் ரப்பர் ஷீட். இதைத் தகடு முழுக்க ஒட்டத் தேவையில்லை. பரப்பில் கால் பங்கிலிருந்து பாதி வரை, அதிர்வு அதிகமுள்ள நடுப்பகுதியில் ஒட்டினாலே போதும். கதவை விரல்கணுவால் தட்டினால் 'டங்' என்று தகர டப்பா சத்தம் வரும். நடுவில் ஒரு அடிக்கு ஒரு அடி துண்டை ஒட்டிவிட்டு அதே இடத்தில் தட்டினால் மரப்பலகையைத் தட்டின மாதிரி 'டொக்'. அந்த 'டொக்' வந்ததும் நிறுத்திவிடலாம்.

காற்றில் வருகிற சத்தத்தை மறிக்க எடை வேண்டும். அதற்குக் கனமான வினைல் விரிப்பு, சதுர மீட்டருக்கு 5 கிலோ. தடுப்பின் எடை இரட்டிப்பானால் ஏறத்தாழ 6 டெசிபல் குறையும் என்பது கணக்கு. ஆனால் இது இடைவெளியில்லாமல் மூட வேண்டும். துளை இருந்தால் கணக்கு வீண். தகட்டை நேரடியாகத் தொடாமல் இருக்க, இதற்கும் தரைக்கும் நடுவில் மூடிய கண்ணறை கொண்ட ஃபோம். ஃபோம் வாங்கும்போது ஒரு துண்டைத் தண்ணீரில் அமுக்கிப் பிழிந்து பாருங்கள். தண்ணீர் குடிக்கிற ஸ்பாஞ்ச் வகை என்றால் தரைக்கும் கதவுக்கும் அது வேண்டவே வேண்டாம். எங்கள் பழைய சணல் விரிப்பு மாதிரி அதுவும் ஈரத்தைத் தகட்டோடு பிடித்து வைத்திருக்கும்.

விலை குறைவு என்று தார் ஷீட்டும் ஒன்று வாங்கினேன். அதையும் பியூட்டைலையும் ஆளுக்கொரு துண்டாக ஒரு தகரத்தில் ஒட்டி, மொட்டைமாடியில் செங்குத்தாகச் சாய்த்து வைத்தேன். பங்குனி வெயில். மூன்றாம் நாள் தார் ஷீட் ஒரு விரல் அகலம் கீழே வழுக்கியிருந்தது. மாடிப்படி ஏறும்போதே ரோடு போடுகிற வாசனை. பியூட்டைல் வைத்த இடத்தில் இருந்தது. மூடிய வண்டிக்குள் அந்த வாசனையோடு அம்மாவை உட்காரவைக்க முடியாது. முடிவு எளிதாகிவிட்டது.

மொத்தம் 4 சதுர மீட்டர் பியூட்டைல், ஏறத்தாழ 12 கிலோ. வினைல் இரண்டரை சதுர மீட்டர், அதுவும் ஏறத்தாழ 12 கிலோ. 37 குதிரைத்திறனுக்கு இதற்கு மேல் சுமை ஏற்ற மனம் வரவில்லை. கால் வைக்கும் இடத்திலும் இஞ்சின் பக்கச் சுவரிலும் மட்டும் வினைல். கூரைக்குப் பியூட்டைலும் மெல்லிய ஃபோமும். மழைச் சத்தமும் குறைந்தது, உச்சிவெயில் சூடும் குறைந்தது.

கதவில் ஒரு எச்சரிக்கை. கண்ணாடி இறங்கும் இடுக்கு வழியாக மழைத்தண்ணீர் கதவுக்குள் போகத்தான் செய்யும். போய், அடியில் உள்ள துளை வழியாக வெளியே வடிய வேண்டும், அப்படித்தான் கதவைச் செய்திருக்கிறார்கள். கதவின் அடியில் இரண்டு அங்குலத்தை ஒட்டாமல் விட்டேன். ஷீட்டை வைத்து அந்தத் துளையை அடைத்தால் கதவு தண்ணீர்த் தொட்டியாகிவிடும். கூரையிலும் கதவிலும் பட்டி வேலைக்கு முன்பே ஷீட்டை ஒட்டியது நல்லதாகப் போயிற்று. உருளையை வைத்து அழுத்தும்போது மெல்லிய தகடு அசைகிறது. பட்டி போட்ட பிறகு அப்படி அசைந்தால் வெடிப்பு விடும்.

நிறம்

நீலத்துக்கு முன்னால் ராணுவ வண்டிப் பச்சைமேல் எனக்கு ஒரு ஆசை இருந்தது. அது நடக்காது. மத்திய மோட்டார் வாகன விதி 121ன்படி ஆலிவ் பச்சை ராணுவ வண்டிகளுக்கு மட்டும்தான். மற்ற நிறத்துக்கும் ஆர்.சி.யில் எழுதியிருப்பது ஒன்று, வண்டியில் இருப்பது ஒன்று என்றிருந்தால் எஃப்.சி. என்னும் தகுதிச் சான்றிலும் இன்சூரன்ஸிலும் சிக்கல். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் மனு கொடுத்து நிறமாற்றத்தைப் பதிந்துகொண்டுதான் பெயிண்ட் டப்பாவைத் திறந்தேன்.

மெட்டாலிக்கா, வெறும் நிறமா? மெட்டாலிக் என்றால் பேஸ் கோட், அதன் மேல் கிளியர் கோட் என்று இரண்டு அடுக்கு. நாளை ஒரு கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் திட்டாக அடிக்க முடியாது, நிறம் தனியாகத் தெரியும். பானெட் என்றால் பானெட் முழுக்க. வெறும் நிறம் ஒரே அடுக்குப் பியூ பெயிண்டாகக் கிடைக்கிறது. பளபளப்பு அதிலேயே இருக்கிறது. கீறலைத் தேய்த்து எடுக்கலாம், டச்சப் எளிது. இந்த வண்டியின் காலத்துக்கும் உடம்புக்கும் அதுதான் பொருத்தம். பழைய என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்டும் கிடைக்கிறது. வேகமாகக் காயும், ஆனால் கடற்கரை ஈரத்தில் அடித்தால் புகை படிந்த மாதிரி வெளுத்துவிடும், சில வருடத்தில் பொலிவும் போய்விடும்.

நீலத்தில் ஐந்து சாயல்களைத் தகரத் துண்டுகளில் அடித்து, காலை 7 மணிக்கும் உச்சிக்கும் ட்யூப்லைட்டிலும் பார்த்தேன். கடையில் எனக்குப் பிடித்தது உச்சிவெயிலில் ஊதா கலந்து தெரிந்தது. அப்பாவின் கையில் துண்டுகளைக் கொடுத்தேன். கண்ணுக்கு மிக அருகில் வைத்து, சாய்த்துச் சாய்த்துப் பார்த்து, மூன்றாவதை எடுத்து நீட்டினார். அதுதான் இப்போது வண்டியில் இருப்பது.

தண்ணீர்

இந்தப் பதிவில் ஒன்றை மட்டும் படிப்பதென்றால் இதைப் படியுங்கள், முக்கியமாகக் கடற்கரை ஊர்க்காரர்கள்.

நிறத்துக்கு முன் அடிக்கும் சர்ஃபேசர் பூச்சை முடித்து, 600, 800 வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்க்கும் கட்டம். வாளியில் போர் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு வந்தேன். அண்ணாச்சி வாளியைப் பார்த்துவிட்டுக் கையை நீட்டி நிறுத்தினார். ஒரு கறுப்புத் தகரத்தை எடுத்து, அதில் அந்தத் தண்ணீரை ஒரு சொட்டு விட்டு, வெயிலில் வைத்தார். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தோம். சொட்டு இருந்த இடத்தில் வட்டமாக வெள்ளை விளிம்பு. விரலை வைத்துத் தடவினால் நறநறவென்றிருக்கிறது. "உப்புத் தண்ணிலா தம்பி. தேச்சிட்டு இது மேல பெயிண்ட் அடிச்சா, உப்பையும் உள்ள வச்சு தைச்சிருவோம்" என்றார்.

கண்ணுக்குத் தெரியாத அந்த உப்புத் துகள் பெயிண்டுக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு, மழைக்காலத்தில் பெயிண்ட் வழியாகவே ஈரத்தை உள்ளே இழுக்கும். சிறிது சிறிதாகக் கொப்புளம் எழும். எங்கள் பழைய டிக்கிக் கதவில் அப்படிப்பட்ட கொப்புளங்கள் இருந்தன. ஒன்றை ஊசியால் குத்தினேன், ஒரு பொட்டுத் தண்ணீர் வந்தது. இத்தனை வருடம் அதைப் பெயிண்டின் குறை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். கேன் தண்ணீர் 6 வாங்கினேன். தேய்ப்பதற்கும் கடைசிக் கழுவலுக்கும் அதுதான். மொத்த வேலையில் இதைவிடப் பயனுள்ள செலவு வேறில்லை.

அடித்த நாள்

மாதத்தையும் நேரத்தையும் அண்ணாச்சிதான் குறித்தார். ஆடியில் மேல்காற்று மண்ணை அள்ளிக்கொண்டு வரும், திறந்த கொட்டகையில் அடிக்க முடியாது. ஐப்பசி, கார்த்திகை மழை. அதனால் சித்திரை. காலையில் ஈரம் முழுக்கப் போன பிறகு 9 மணிக்குத் தொடங்கி, பிற்பகல் கடல்காற்று எழும்பும் முன் முடிக்க வேண்டும். தரையில் தண்ணீர் தெளித்துத் தூசியை அமர்த்தினோம், அதற்கு மட்டும் போர் தண்ணீர். கம்ப்ரசரின் அடிக்குழாயைத் திறந்ததும் அரை டம்ளர் தண்ணீர் கொட்டியது. காற்றை அமுக்கும்போது அதிலிருக்கும் ஈரமும் சேர்ந்துவிடுகிறது. பைப்பில் ஈரம் பிரிக்கும் கருவி இல்லாமல் இந்த ஊரில் ஸ்ப்ரே கன்னைத் தொடவே கூடாது.

பியூ ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. மூச்சில் போனால் ஆஸ்துமா வரலாம், ஒருமுறை ஒத்துக்கொள்ளாமல் போனால் பிறகு கொஞ்சம் பட்டாலும் ஆகாது. துணியை மூக்கில் கட்டிக்கொண்டு அடிக்கிற தம்பிமாரைப் பார்த்தால் வயிறு கலங்குகிறது. துணி அந்த ஆவியை நிறுத்தாது. கார்ட்ரிட்ஜ் வைத்த முகமூடியே குறைந்தபட்சம், அதுவும் காற்றோட்டம் உள்ள இடத்தில். வெளிக்காற்றைக் குழாய் வழியே கொடுக்கும் முகமூடி இன்னும் நல்லது. அண்ணாச்சிக்கும் உதவியாளருக்கும் நானே கார்ட்ரிட்ஜ் முகமூடி வாங்கிக் கொடுத்தேன்.

பானெட்டில் முதல் கோட் விழுந்த உடனே நடுவில் சின்னச் சின்ன வட்டங்கள். பெயிண்ட் ஒதுங்கி ஒதுங்கி நின்றது, மீன் கண் மாதிரி. காரணம் நான்தான். முந்தின நாள் சாயங்காலம் அதே கொட்டகையில் டேஷ்போர்டுக்குச் சிலிக்கான் பாலிஷ் ஸ்ப்ரே அடித்திருந்தேன். காற்றில் மிதந்து பானெட்டில் படிந்துவிட்டது. அண்ணாச்சி ஒரு வார்த்தை திட்டவில்லை, கன்னைக் கழுவி வைத்தார். இறுகும்வரை விட்டு, தேய்த்து, கிரீஸ் நீக்கியால் இரண்டு முறை துடைத்து, நான்காம் நாள் மறுபடி அடித்தோம். பெயிண்ட் வேலை முடியும்வரை சிலிக்கான் சேர்ந்த எதையும் அந்த வளாகத்துக்குள்ளேயே விடாதீர்கள்.

மேலே என்ன பூசுவது

செராமிக் பூச்சுக்கு நிறையப் பேர் வற்புறுத்தினார்கள். 9ஹெச் என்று சொல்வது பென்சில் கீறல் அளவு. அது கல்லடியைத் தாங்கும் என்று அர்த்தமில்லை. தண்ணீர் நிற்காமல் ஓடும், கழுவ எளிது, அது உண்மை. ஆனால் எங்கள் சாலையில் பெயிண்டுக்கு எதிரி கல். டயர் கல்லை எறியும் பின் மட்கார்டின் முன்பக்கத்துக்கும், கதவுக்குக் கீழ் விளிம்புக்கும் மட்டும் பி.பி.எஃப். என்னும் ஒளிபுகும் பாதுகாப்புப் படலம் ஒட்டினேன், அதுவும் பெயிண்ட் அடித்து ஒரு மாதம் கழித்து. புதுப் பெயிண்டிலிருந்து தின்னர் முழுக்க வெளியேறும் முன் எதை வைத்து மூடினாலும் கெடுதல். மற்ற இடங்களுக்குச் சாதாரண வாக்ஸ், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கையால்.

வண்டிக்கு அடியில் எபாக்ஸி மேல் சக்கரக்குழிகளுக்கு மட்டும் ரப்பர் தன்மையுள்ள பூச்சு. விளிம்புப் பெட்டிக்குள்ளும் கதவுக்குள்ளும் நீளமான குழாய் விட்டுத் துருத்தடுப்பு மெழுகு. மெழுகு இறுகி வெடிக்காது, கீறல் விழுந்தால் மெல்லப் படர்ந்து மூடிக்கொள்ளும். ஆனால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மறுபடி அடிக்க வேண்டும்.

திருநெல்வேலிச் சாலையில் வல்லநாடு அருகே, 60 கிலோமீட்டர் வேகத்தில், முன்னிருக்கையில் அதே போனை அதே இடத்தில் வைத்து அளந்தேன். வேலைக்கு முன் 81 டெசிபல் காட்டியது, இப்போது 74. போன் கணக்கு துல்லியம் இல்லை. ஆனால் பின்னால் உட்கார்ந்த அம்மா குரலை உயர்த்தாமல் பேசினாள், அப்பா திரும்பாமலே பதில் சொன்னார்.

ஐப்பசி முதல் மழை பெய்து முடிந்ததும் டார்ச்சை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். நாலு கதவுக்குக் கீழேயும் குனிந்து பார்த்தேன். மூன்றில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பின் இடது கதவில் சொட்டு இல்லை. மெழுகு துளையை அடைத்திருந்தது. சைக்கிள் ஆரக்கம்பியை விட்டுக் குத்தியதும் ஒரு டம்ளர் தண்ணீர் என் முழங்கை வழியாக ஓடியது.